ஒற்றை வரிக் கடிதமும் கட்டைபறிச்சான் வீட்டு இரும்புக் கையும்

உதவி மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி மிஸ் என்னைக் கேட்டு மூன்று மாதமாகிறது. வந்து பேசுங்கள் என்றிருந்தால் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருந்திருப்பேன். அது அவருக்குத் தெரியும். நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவதில் பிழைகள் இருக்கும். திருத்தி வாசியுங்கள்.

நான் அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வந்தவள் அல்ல. கூட்டவும் துடைக்கவும் தேநீர் போடவும் வந்தவள். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு பழைய வீட்டின் இரண்டு அறைதான் அப்போது அலுவலகம். முன்னறையில் மிஸ் இருப்பார். வாங்கிய பொருளாலோ எடுத்த சேவையாலோ ஏமாந்து வருகிறவர்களின் முறைப்பாட்டை எழுதுவார். பின்னால் நான் தேநீர் போடுகிற குசினி. வருகிற சனம் முன்னறையில் கடதாசியை மட்டும் நீட்டிவிட்டு, உள்ள கதையைக் குசினி வாசலில் நின்று எனக்குச் சொல்லும். மிஸ் இதை ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் சொன்னார்.

"அக்கா, இனி நீங்கள் முன்னுக்கு வந்து இருங்கோ. ஆக்கள் சொல்லுறதைக் கேட்டு, கடிதத்தையும் நீங்களே எழுதுங்கோ."

"ஐயோ மிஸ், என்ர எழுத்து கோழி கிளறின மாதிரி."

"கிளறினா என்ன? புழு வெளியால வந்தாச் சரிதானே."

அவர் என்னைவிட இருபது வயது இளையவர். எனக்கு வேலை பழக்கியது அவர்தான். அவர் சொன்ன ஒரே விதி இது: "முதல்ல நடந்ததை எழுதுங்கோ. பேந்து கேக்கிறதை எழுதுங்கோ. நடந்ததை எழுதாமல் கேக்க வேண்டாம்."

நான் தலையாட்டினேன். ஆனால் செய்தது வேறு. என் எழுத்தைப் பார்க்க எனக்கே வெட்கம். கடிதம் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு வெட்கமும் சின்னது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரே வரியில் எழுதத் தொடங்கினேன். "மின்விசிறி சுற்றவில்லை, மாற்றித் தரவும்." "வாங்கிய அரிசியில் வண்டு, காசைத் திருப்பவும்." சின்ன விஷயங்களுக்கு ஒரு வரி போதும். கடைக்காரர்களும் மாற்றிக் கொடுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ரஜனி வந்தாள்.

ரஜனி தையல்காரி. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களுக்குக் கலியாணத்துக்குச் சேலைச் சட்டை தைத்து அனுப்புகிறவள். துணியைக் காட்டுவது, கழுத்து வடிவத்தைக் காட்டுவது, அளவு எடுக்கச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் வீடியோவில்தான். அதனால் இன்ரநெற் இல்லாவிட்டால் அவளுக்குத் தொழில் இல்லை. நகரத்தில் வாடகை வீட்டில் இருந்தபோது ஒரு கொம்பனியிடம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் இணைப்பு எடுத்திருந்தாள். இணைப்பு எடுத்த ஒன்பதாம் மாதம் அவளுடைய தாய் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தாயைப் பார்க்க, தாய் இருந்த ஊரான கட்டைபறிச்சானுக்கே வீட்டை மாற்றிவிட்டாள். அங்கே அந்தக் கொம்பனியின் சிக்னல் கிடைக்கவில்லை.

எங்களிடம் வந்தபோது அவள் ஊருக்குப் போகிற மூதூர் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. மிஸ் அன்றைக்கு லீவு.

"கொம்பனியில எழுத்தில தரச் சொல்லிப்போட்டினம் அன்ரி. நான் எத்தினை தரம் போன் பண்ணினனான் தெரியுமே? முதல் ஒரு பெட்டை கதைச்சவ. பேந்து ஒரு தம்பி வீட்டுக்கும்…"

"சரி பிள்ளை, அதெல்லாம் தேவையில்ல. உங்களுக்கு பஸ் போயிடும். இப்ப என்ன செய்யவேணும், அதைச் சொல்லுங்கோ."

"எனக்கு உந்தச் சனியன் வேண்டாம். நிப்பாட்டச் சொல்லுங்கோ."

எழுதினேன். "மேற்படி இணைப்பை இம்மாத முடிவோடு நிறுத்தவும்." அவள் கையெழுத்து வைத்தாள். நானே தபாலில் போட்டேன். அவளுக்கு பஸ்ஸும் கிடைத்தது. அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

ஆறு கிழமை கழித்து ரஜனி திரும்பி வந்தாள். கையில் கொம்பனியின் சட்டத்தரணி அனுப்பிய கடிதம். வாடிக்கையாளர் தன் விருப்பத்தில் ஒப்பந்தத்தை இடையில் முறித்தபடியால், மீதிப் பதினைந்து மாதத்துக்குமான கட்டணத்தை ஒரேயடியாகக் கட்டவேண்டும். பதினான்கு நாளுக்குள் கட்டாவிட்டால் பெயர் கடன் கட்டாதவர்களின் பட்டியலில் போகும் என்று இருந்தது. கட்டைபறிச்சானில் சிக்னல் உள்ள வேறொரு கொம்பனியிடம் அவள் விண்ணப்பித்திருந்தாள். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் அவர்கள் இணைப்புத் தரமாட்டார்களாம். அதுவரை அவள் பக்கத்து வீட்டுப் போனை இரவல் வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற ரோட்டு மதகில் ஏறி நின்று துணி காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கலியாண வீட்டார் ஏற்கெனவே வேறு தையல்காரியிடம் போய்விட்டார்கள்.

மிஸ் கடிதத்தை வாசித்தார். அதன் பின்னால் என்னுடைய ஒற்றை வரியின் பிரதி இணைக்கப்பட்டிருந்தது. கோழி கிளறிய எழுத்து. ஒளிக்க வழியில்லை.

"இதில காரணம் ஒண்டுமே இல்லையே," என்றார் மிஸ்.

நான் குசினிக்குள் போனேன். தேநீர்க் கேத்தலைத் திறந்து பார்த்தேன். அதில் தண்ணீர் இருந்தது. திரும்ப மூடினேன். முன்னறையில் ரஜனி சொல்வது கேட்டது. "நான்தான் மிஸ், அன்ரிக்கு அப்பிடி எழுதச் சொன்னனான். அவவில பிழை இல்ல."

அந்தப் பிள்ளை என்னை மறைக்கப் பார்த்தது. அதைக் கேட்டுக்கொண்டு கேத்தலோடு நிற்க என்னால் முடியவில்லை. வெளியே வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இல்ல மிஸ். அவ கதையைச் சொல்லத்தான் வந்தவ. நான்தான் பஸ்ஸைச் சொல்லி வாயை அடைச்சனான்."

மிஸ் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் தன் கதிரையை எடுத்து ரஜனிக்குப் பக்கத்தில் போட்டார். "சரி. அப்ப அடைச்ச கதையை இப்ப திறப்பம். அக்கா, நீங்களே கேளுங்கோ. நான் ஒப்பந்தத்தை வாசிக்கிறன்."

ஒப்பந்தம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் நாலு பக்கம். நடுவில் ஒரு இடத்தில் மிஸ் விரலை வைத்து நிறுத்தினார். வாடிக்கையாளர் வீடு மாறி, இணைப்பையும் மாற்றித் தரும்படி கேட்டு, அந்த இடத்தில் கொம்பனியால் சேவை கொடுக்க முடியாமல் போனால் இந்தக் கட்டணம் இல்லை. ஆனால் மாற்றித் தரும்படி முதலில் கேட்டிருக்கவேண்டும். கொம்பனி சொல்வது, அவள் கேட்கவே இல்லை, நேரே நிறுத்தச் சொல்லிவிட்டாள் என்பது. அதற்கு அவர்கள் கையில் இருந்த சாட்சி என் கடிதம்.

நான் ரஜனியைக் கேட்டேன். இந்த முறை குறுக்கே பேசவில்லை. இரண்டு தேநீர் முடிந்தது. மூதூர் பஸ் ஒன்று போய், இன்னொன்றும் போனது. தாய் விழுந்தது, சாமான் ஏற்றிய லொறிக்காரன் கண்ணாடியை உடைத்தது எல்லாம் வந்தது. இணைப்பைக் கட்டைபறிச்சானுக்கு மாற்றித் தரும்படி கொம்பனிக்கு மூன்று தரம் போன் பண்ணியிருக்கிறாள். கொம்பனியில் இருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து, சுவரில் துளைபோட்டு, அன்ரெனாவைப் பூட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். சிக்னல் இல்லை. "வேலை முடிஞ்சாத்தான் அக்கா எனக்குக் காசு, இண்டைக்குச் சும்மா வந்ததுதான்" என்று சிரித்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு, அன்ரெனாவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். கடதாசி ஒன்றும் கொடுக்கவில்லை.

மிஸ் பெருமூச்சு விட்டார். கடதாசி இல்லாத வருகை வராத மாதிரித்தான்.

ரஜனி அழவில்லை. களைத்துப்போய்த் தாயைக் குறைசொல்லத் தொடங்கினாள். "அம்மா வேற, சொல்லுக் கேக்கிறதே இல்ல. அந்தத் தம்பி அடிச்சிட்டுப் போன இரும்பில கொடிக்கயிறைக் கட்டி ஈரச் சீலை எல்லாத்தையும் போட்டிருக்கிறா. முந்தநாள் மதகில வெயில் எண்டு முத்தத்தில நிண்டு ஒரு மாதிரி லைன் எடுத்தனான். லண்டனில ஒரு ஆள் கேக்கிறா, பின்னால தொங்கிற சீலை என்ன விலை எண்டு! அது அம்மாவின்ர ஆசுப்பத்திரிச் சீலை."

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டேன். "எந்த இரும்பு பிள்ளை?"

"அன்ரெனா பூட்டுற கை. 'பிறகு இஞ்ச சிக்னல் ரவர் வந்தா உதவும், இருக்கட்டும்' எண்டு விட்டிட்டுப் போனவன்."

நானும் மிஸ்ஸும் ஆளை ஆள் பார்த்தோம்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் நானே போனேன். கிண்ணியா, மூதூர் கடந்து கட்டைபறிச்சானில் இறங்கி, ரஜனி வீட்டைத் தேடிப் பிடித்தேன். முற்றத்துப் பக்கச் சுவரில் இருந்தது அது. முழங்கை போல மடிந்த இரும்பு, அதிலே கொடிக்கயிறு, கயிற்றில் நாலு சேலை. ஊன்றுகோலோடு கதிரையில் இருந்த தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கழட்டப் போறியளோ?"

"இல்லையம்மா. பார்க்கத்தான் வந்தனான்."

"திருகோணமலையில இருந்து இரும்பு பார்க்க வந்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டு மகளிடம் திரும்பினார். "ஆள் நல்ல ஆள்தானே?"

ஒரு சேலையை விலக்கினேன். இரும்பின் அடிப்பக்கத்தில் கொம்பனியின் பெயர் ஒட்டிய தாள். சவர்க்காரத் தண்ணீர் பட்டு வெளிறிப் போயிருந்தாலும் கீழே இருந்த இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருந்தது. ரஜனி இரவல் போனில் படம் எடுத்தாள். இலக்கத்தை நான் என் கொப்பியிலும் எழுதினேன். அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, நடந்தது முழுவதையும் எழுதினேன். எழுத எழுத எழுத்து அசிங்கமாகிக்கொண்டு போனது. நிறுத்தவில்லை. இரண்டு பக்கம் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் எதுவும் எழுதினதில்லை.

கொம்பனியின் நகரக் கிளைக்கு மூன்று பேரும் போனோம். தபாலில் போன நாட்களையும் கழித்தால் பதினான்கு நாளில் இரண்டு நாள் மிச்சம். வாசலில் மிஸ் என்னிடம் சொன்னார். "முதல் கடிதம் உங்கட. அதுக்கு நீங்கள்தான் கதைக்கவேணும். நான் பக்கத்தில இருக்கிறன்."

மனேஜர் இளம் பிள்ளை, மரியாதையானவர். கோப்பைத் திறந்து என் வரியைக் காட்டினார். "அம்மா, இதில 'நிறுத்தவும்' எண்டு தெளிவா இருக்கு. எங்களால என்ன செய்ய ஏலும்?"

இரண்டு பக்கத்தையும் மேசையில் தள்ளினேன். அவர் பொறுமையாக வாசித்தார். எழுத்து விளங்காத ஓரிடத்தில் ரஜனியிடம் கேட்டும் வாசித்தார். கொம்பியூட்டரைத் தட்டினார்.

"அங்க எங்கட ஆள் போனதாப் பதிவு இல்லையேம்மா."

அச்செடுத்து வைத்திருந்த படத்தைத் தள்ளினேன்.

"இது எந்தச் சுவரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருப்பேன். வழமையாக அப்படித்தான் செய்வேன். ஆனால் பக்கத்தில் ரஜனி கையைப் பிசைந்துகொண்டு இருந்தாள். தையல் ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய விரல்கள். என் வாய் தானாகத் திறந்தது.

"தம்பி, அதில நம்பர் இருக்கு. அந்த இரும்பு உங்கட சாமான் ஸ்ரோரில இருந்து வெளியால போன நாள் எங்கயாவது எழுதியிருக்கும்தானே? எங்கட ஒபீசில நான் கூட்டுற தும்புத்தடி ஒண்டு எடுத்தாலும் மிஸ் கையெழுத்து வாங்கித்தான் தருவா."

மிஸ் இருமினார். மனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை எடுத்து இலக்கத்தைச் சொன்னார். காத்திருந்தோம். ஸ்ரோரில் இருந்தவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அந்தக் கை, கட்டைபறிச்சானில் வீடு மாறிய ஒரு வாடிக்கையாளருக்குப் பார்க்க என்று ஒரு ரெக்னீஷியனிடம் கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்த நாள் என் கடிதத்துக்கு ஒன்பது நாள் முந்தியது.

ரஜனி என் முழங்கையைப் பிடித்தாள். ஆனால் மனேஜரின் முகம் சிவந்துவிட்டது. "போய்ப் பார்த்தவன் ஏன் பதியேல்ல? இருங்கோ, இப்பவே அவனைக் கேக்கிறன்." திரும்பவும் போனைத் தூக்கினார்.

ரஜனி என் காதில் சொன்னாள். "அன்ரி, அந்தத் தம்பி நல்லவன். வேலை போயிடுமோ?"

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். வழக்கு எங்கள் பக்கம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். கோபம் வேறொருவன் மேல் போகிறது என்றால் எங்களுக்கு நல்லதுதானே என்று மனம் சொல்லும். அப்படித்தான் எனக்கும் ஒரு கணம் சொன்னது.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். "முடிஞ்ச வேலைக்குத்தான் அவைக்குக் காசாம். அப்ப முடியாத வேலையை ஆர் பதிவினம்? நாங்கள் பிழைவிட்ட ஆளைப் பிடிக்க வரேல்ல. பிழைவிட்ட ஆள் உங்களுக்கு முன்னால இருக்கிறன். அவ சொல்ல வந்ததை நான் எழுதியிருந்தா நீங்களும் அப்பவே தேடியிருப்பியள்."

அவர் போனை வைத்துவிட்டார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அம்மா, எனக்கு முன்னால இருந்து 'என்ர பிழை' எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்," என்றார்.

கட்டணத்தை நீக்க அவருக்கு அதிகாரம் இல்லை, கொழும்புக்கு அனுப்பவேண்டும், ஒரு கிழமையாவது செல்லும் என்றார். எனக்கு நிம்மதி வந்து எழும்பப் போனேன். மிஸ் மேசைக்குக் கீழே என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். இரண்டு நாளில் பெயர் பட்டியலுக்குப் போய்விடுமே! நான் திரும்ப இருந்தேன். முடிவு வரும்வரை பெயரைப் பட்டியலில் சேர்க்கமாட்டோம் என்று எழுதித் தரும்படி கேட்டேன். அவர் எழுதி, முத்திரை குத்தித் தந்தார். வாயால் சொல்லியிருந்தால் நான் நம்பி வந்திருப்பேன். அவரும் பொய் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் கொழும்பில் பட்டியல் போடுகிறவருக்கு அவர் வாயால் சொன்னது எப்படித் தெரியும்?

ஒரு கிழமை அல்ல, பதினொரு நாள் சென்றது. கடிதம் வந்தது. கட்டணம் இல்லை. பாவித்த கடைசி மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும். அதை ரஜனி அன்றைக்கே கட்டினாள். கடைசிப் பந்தியில் இன்னொன்றும் இருந்தது. சுவரில் இருக்கும் இரும்புக் கை கொம்பனியின் உடைமை. அதை எடுக்க ஆள் வருவார்.

எடுக்கிற அன்று நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மிஸ் கேட்கவில்லை, லீவு தந்தார். வந்தவன் அதே தம்பிதான். ரஜனி உள்ளே புது இணைப்பில் ஒரு மணப்பெண்ணுக்குக் கழுத்து வடிவம் காட்டிக்கொண்டிருந்தாள். "கிட்டக் காட்டுங்கோ அக்கா, இன்னும் கிட்ட" என்று எங்கோ தூர தேசத்துக் குரல் தெளிவாகக் கேட்டது. வெளியே தாய் ஊன்றுகோலை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இதைக் கழட்டினா என்ர சீலையை எங்க போடுறது? உங்கட கொம்பனி வந்து பிடிச்சுக்கொண்டு நிக்குமோ?"

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோவன்," என்றவன் தன் பையில் தேடி ஒரு கொளுக்கியை எடுத்தான். இரும்புக் கையைக் கழற்றிய துளையிலேயே கொளுக்கியை இறுக்கிக் கயிற்றைக் கட்டிவிட்டான். தாய் இழுத்துப் பார்த்தார். "முந்தினதிலும் பார்க்க நல்லம்," என்றார்.

அவன் ஒரு சின்னக் கடதாசித் துண்டை நீட்டினான். இரும்புக் கையைத் திருப்பி எடுத்ததற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கிற துண்டு. ரஜனி வேலையில் இருந்தபடியால் நான் வாங்கிப் பார்த்தேன். பொருள், இலக்கம், திகதி. அவ்வளவுதான்.

"தம்பி, ஏன் கழட்டினது எண்டும் எழுதுங்கோ."

"அதுக்கு இதில இடமில்ல அன்ரி."

துண்டைத் திருப்பி அவனிடம் கொடுத்தேன். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அவன் சிரித்துவிட்டு, மோட்டார் சைக்கிள் இருக்கையில் துண்டை வைத்து, குனிந்து எழுதத் தொடங்கினான். அவனுடைய எழுத்தும் என்னுடையதைப் போலத்தான் இருந்தது.